அக்மேதாவின் சுருளும் எரேமியாவின் மண்பாண்டமும்: கொங்குத் திருச்சபையின் ஆவணங்களைக் குறித்து ஒரு திறனாய்வு

சிறையிருப்பினின்று திரும்பிய யூதர் எருசலேமில் ஆலயத்தைக் கட்டத் தொடங்கியபோது, அதற்குக் கட்டளையிட்டவர் யார் என்று நதிக்கு இப்புறத்து அதிபதி வினவினான். கோரேஸ் அரசன் கட்டளையிட்டான் என்று மூப்பர்கள் விடை கூறினர். ஆயினும் அதற்குரிய எழுத்துச் சான்று அவர்கள் கையில் இல்லை. தரியு அரசன் ஆவணச் சாலையில் தேடும்படி உத்தரவிட்டான். தேடல் பாபிலோனில் தொடங்கிற்று. சுருள் கிடைத்ததோ மேதியாவிலுள்ள அக்மேதா பட்டணத்து அரண்மனையில் (எஸ்றா 6:1-2). தேவனுடைய மக்களின் உரிமைச் சான்று அந்நியரின் ஆவணச் சாலையில் பத்திரமாயிருந்தது என்பதை எஸ்றாவின் நூல் எவ்விதக் கூச்சமுமின்றிக் கூறுகிறது.

கொங்கு நாட்டில் சீர்திருத்தத் திருச்சபையின் வரலாற்றை எழுதப் புகுவோரின் நிலையும் ஏறக்குறைய இதுவே. கோவையிலும் சேலத்திலும் ஈரோட்டிலும் தோன்றிய சபைகளின் தொடக்க காலத்தைப் பற்றி ஒழுங்காகத் தொகுக்கப்பட்ட பெரிய ஆவணத் தொகுதி, லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கீழ்த்திசை ஆப்பிரிக்க ஆய்வியல் பள்ளியின் நூலகத்தில் இருக்கிறது. அத்தொகுதி எத்தகையது, அதில் யாருடைய குரல் ஒலிக்கிறது, யாருடைய குரல் ஒலிக்கவில்லை, இங்குள்ள சபைகளின் கடமை யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆவணக் காப்பகத்தையும் ஒரு நூலைப் போலவே திறனாய்வுக்கு உட்படுத்த வேண்டும் என்பது நமது கருத்து.

1. லண்டனில் இருப்பது எது?

லண்டன் மிஷனெரி சங்கம் 1795இல் நிறுவப்பட்டது. அதன் மிஷனெரியான ஹென்றி கிறிஸ்ப் 1827இல் சேலத்திலும், வில்லியம் பான் அடிஸ் 1830இல் கோயம்புத்தூரிலும் பணி தொடங்கினர். பின்னாளில் ஈரோட்டுப் பகுதியில் ஆஸ்திரேலியரான அந்தோனி வாட்சன் பிரப், இசையறிஞர் ஹெர்பர்ட் பாப்லி போன்றோர் ஊழியம் செய்தனர். இவர்கள் அனைவரும் சங்கத்தின் இயக்குநருக்குக் கடிதங்களும் ஆண்டறிக்கைகளும் எழுதி அனுப்பக் கடமைப்பட்டிருந்தனர். அவை லண்டனிலிருந்த சங்கத்தின் தலைமை அலுவலகத்தில் சேர்ந்தன. 1973இல் அச்சங்கத்தின் பழைய ஆவணங்கள் மேற்கூறிய பல்கலைக்கழக நூலகத்தில் ஒப்படைக்கப்பட்டன. கடிதங்கள், நாட்குறிப்புகள், அறிக்கைகள், மிஷனெரிப் பணிக்கு விண்ணப்பித்தோரின் தாள்கள், நிழற்படங்கள் ஆகியவை அங்கே வகைப்படுத்தி வைக்கப்பட்டுள்ளன.

இத்தொகுதியின் சிறப்பை மறுப்பதற்கில்லை. தேதியும் இடமும் குறித்த கடிதங்கள் தொடர்ச்சியாகக் கிடைப்பது வரலாற்று ஆசிரியனுக்குப் பெருஞ்செல்வம். எச்சமயத்தாராயினும் எந்நாட்டாராயினும் முறைப்படி விண்ணப்பித்து அவற்றைப் படிக்கலாம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தில் சேலம், கோவை மாவட்டங்கள் கடுமையாகத் தாக்குண்டன. அத்தகைய காலங்களை ஆராய்வோர் அரசாங்க அறிக்கைகளை மட்டும் நம்பியிராமல், ஊரோடு ஊராக வாழ்ந்த ஒருவரின் எழுத்தையும் ஒப்புநோக்க இத்தொகுதி இடம் தருகிறது.

இங்கே ஒரு தவறான கருத்தை நீக்க வேண்டியிருக்கிறது. “நம்முடைய ஆவணங்களை வெள்ளையர் எடுத்துச் சென்றுவிட்டனர்” என்று சபைக் கூட்டங்களில் அவ்வப்போது குறை கூறப்படுகிறது. சிற்பங்களையும் செப்புத் திருமேனிகளையும் குறித்து இவ்வாறு கூறுவது பொருந்தலாம். மிஷனெரிக் கடிதங்களைப் பொறுத்தவரை இது பொருந்தாது. அவை லண்டனுக்கென்றே எழுதப்பட்டு லண்டனுக்கென்றே அனுப்பப்பட்டவை. இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கின்றன. நம்முடையவை என்று உண்மையில் உரிமை கொண்டாடத்தக்கவை வேறு. ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, அடக்கப் பதிவேடு, சபைக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு, காணிக்கைக் கணக்கு, உபதேசியாரின் நாள்வழிக் குறிப்பு ஆகியவை அவை. இவற்றை ஒருவரும் கப்பலேற்றிக் கொண்டுபோகவில்லை. இவை இங்கேயே விடப்பட்டன. அழிந்தவை இங்கேயே அழிந்தன. இவ்வுண்மையை ஏற்றுக்கொள்ளாதவரை நமது ஆவணங்களைப் பற்றிய எந்தப் பேச்சும் நேர்மையானதாகாது.

2. அறிக்கையின் மொழி

நமது இறையியல் மாணவர் நற்செய்தி நூல்களைப் படிக்கும்போது, ஆசிரியர் யார், எந்தச் சபைக்கு எழுதினார், எந்நோக்கம்பற்றிச் செய்திகளைத் தெரிந்தெடுத்து ஒழுங்குபடுத்தினார் என்று நுணுகி வினவப் பயின்றிருக்கின்றனர். ஆனால் அதே மாணவர் சபை வரலாறு எழுதும்போது ஒரு மிஷனெரியின் ஆண்டறிக்கையை எடுத்து, அதில் உள்ளதை உள்ளவாறே நிகழ்ந்ததாகக் கொண்டு மேற்கோள் காட்டிவிடுகின்றனர். மாற்குவிடம் கேட்கும் கேள்விகளை அடிஸிடம் ஏன் கேட்பதில்லை?

மிஷனெரியின் கடிதம் யாருக்கு எழுதப்பட்டது என்பதை முதலில் நோக்க வேண்டும். சங்கம் தாய்நாட்டுச் சபைகளின் காணிக்கையால் நடைபெற்றது. இயக்குநர்கள் அக்கடிதங்களினின்று பகுதிகளை எடுத்துச் சங்க வெளியீடுகளில் அச்சிட்டனர். ஆகவே எழுதுபவர், தாம் எழுதுவது பிர்மிங்காமிலோ பிரிஸ்டலிலோ காணிக்கை கொடுக்கும் ஒரு குடும்பத்தின் செவிக்கு எட்டும் என்பதை அறிந்தே எழுதினார். இதனால் அவர் பொய் எழுதினார் என்று கூறுவது நமது கருத்தன்று. ஆயினும் எதைச் சொல்வது, எதை விடுவது, எந்த வரிசையில் சொல்வது என்பவற்றை இவ்வறிவு தீர்மானித்தது. இருளும் ஒளியும் கூர்மையாகப் பிரிந்து நிற்கும் கதை கொடையாளருக்கு எளிதில் விளங்கும். பண்ணையாரின் கோபத்துக்கும் சபையின் ஆறுதலுக்கும் நடுவே பல ஆண்டுகள் தத்தளித்த ஒரு குடும்பத்தின் கதை அவ்வளவு எளிதில் விளங்காது.

இரண்டாவது, பெயர்களை நோக்குவோம். தென்னிந்தியாவிலிருந்த லண்டன் மிஷன் நிலையங்களில், ஓர் உபதேசியாரின் சம்பளத்தை இங்கிலாந்திலுள்ள கொடையாளர் ஏற்றுக்கொண்டால், அவர் விரும்பிய பெயரை அந்த உபதேசியாருக்குச் சூட்டும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டில் இருந்தது. அறிக்கையின் பட்டியலில் ஆங்கிலப் போதகர் ஒருவரின் முழுப்பெயர் காணப்படும். அப்பெயரைத் தாங்கி வெயிலில் நடந்து ஊர் ஊராய்ச் சென்றவரோ ஒரு தமிழர். அவரைப் பெற்றோர் எப்பெயரிட்டு அழைத்தனர், அவருடைய ஊர் எது, அவர் மனைவி யார் என்பவற்றைப் பட்டியல் கூறாது. ஆவணம் இருக்கிறது, பெயரும் இருக்கிறது, ஆனால் ஆள் இல்லை. ஆராய்ச்சியாளன் தேடிக் கண்டுபிடிப்பது கொடையாளரின் நினைவுச் சின்னத்தையே.

மூன்றாவது, எண்ணிக்கைப் பட்டியல். சபையார் இத்தனை பேர், சபை சார்ந்தோர் இத்தனை பேர், சுதேச உபதேசியார் இத்தனை பேர், பள்ளிப் பிள்ளைகள் இத்தனை பேர் என்று ஆண்டுதோறும் கட்டம் கட்டி எழுதப்பட்டது. வேதாகமப் பெண்மணிகள் இக்கட்டங்களுள் ஓர் எண்ணாகவே பெரும்பாலும் நின்றுவிடுகின்றனர். ஆண்கள் நுழைய இயலாத வீடுகளில் நுழைந்து, எழுதப்படிக்கத் தெரியாத பெண்களுக்கு நற்செய்தியைக் கதையாகவும் பாட்டாகவும் கற்பித்தவர்கள் அவர்கள். கொங்கு நாட்டில் நற்செய்தி எந்தச் சொற்களில் முதன்முதல் சமையலறைக்குள் சென்றது என்று அறிய விரும்புவோருக்கு லண்டன் தொகுதி ஓர் எண்ணைத்தான் தருகிறது.

பாப்லியின் நிலை இதற்கு மாறானது. அவர் 1921இல் இந்திய இசையைப் பற்றி எழுதிய நூலும், 1931இல் வெளியிட்ட திருக்குறள் மொழிபெயர்ப்பும் இன்றும் படிக்கப்படுகின்றன. தமிழிசையில் நற்செய்தி கூறுதலை ஊக்குவித்த அவரை நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் இசை தனி ஒருவரின் கலையன்று. அவரோடு மேடையில் பாடியோர், மத்தளமும் தாளமும் இசைத்தோர், கேட்ட பாட்டைத் தம் ஊருக்குக் கொண்டுசென்று மாற்றிப் பாடியோர் ஆகியோரின் பெயர்களை எந்த நூலகத்தின் அட்டவணையில் தேடுவது?

இவற்றைக் கூறுவதால் லண்டன் தொகுதியைத் தள்ளிவிட வேண்டும் என்பது கருத்தன்று. அதனைக் கவனத்தோடு, எதிர்க்கேள்வி கேட்டுப் படிக்க வேண்டும். ஈரோட்டில் 1925 மே மாதத்தில் பெரியாரின் ‘குடி அரசு’ இதழ் வெளிவரத் தொடங்கிற்று. அதே ஊரிலிருந்து அதே ஆண்டுகளில் மிஷனெரிகள் லண்டனுக்கு அறிக்கை அனுப்பிக்கொண்டிருந்தனர். இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் ஒரு மாணவன், சாதி, கோயில் நுழைவு, தேச விடுதலை ஆகிய பொருள்களில் ஒவ்வொன்றும் எதைக் கண்டது, எதைக் காணவில்லை என்று அறிவான். தேச வரலாறும் சபை வரலாறும் தனித்தனியே ஓடியவை அல்ல என்பதை இத்தகைய படிப்பே தெளிவாக்கும்.

3. கொங்கு நாட்டின் பிற ஆவணங்கள்

எழுத்தில் இடம்பெற்றவர் நினைவில் நிற்பதும் இடம்பெறாதவர் மறைவதும் மிஷனெரி ஆவணத்துக்கு மட்டும் உரிய குறைபாடு அன்று. கொங்கு நாட்டு வரலாற்றின் பிற சான்றுகளையும் நோக்கினால் இது விளங்கும்.

இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளரான காலின் மெக்கன்சி, 1821இல் காலமாவதற்குமுன் தென்னாடெங்கும் சுவடிகளையும் ஊர் வரலாறுகளையும் தொகுப்பித்தார். அவற்றுள் கொங்கு தேச ராஜாக்கள் என்னும் வரலாறும் ஒன்று. சென்னைக்குக் கிடைத்த சுவடிகளுக்கு 1857க்கும் 1862க்கும் இடையே மூன்று தொகுதிகளாக விளக்க அட்டவணை வெளியிட்டவர் வில்லியம் டெய்லர் என்னும் மிஷனெரியே. ஒரு கிறிஸ்தவ ஊழியன் தன் சமயத்துக்குப் புறம்பான சுவடிகளைப் பொறுமையோடு படித்து அட்டவணை செய்தான் என்பது இன்றைய ஆயர்கள் நினைவுகூரத்தக்கது.

பின்னர் திருச்செங்கோடு முத்துசாமிக் கோனார் 1923இல் கொங்குமண்டல சதகத்தை அச்சேற்றினார். கோவைக்கிழார் எனப்பட்ட இராமச்சந்திரஞ் செட்டியார் கொங்கு நாட்டு வரலாற்றை எழுதினார். சென்னைப் பல்கலைக்கழகம் 1956இல் ஆரோக்கியசாமியின் கொங்கு நாட்டைப் பற்றிய ஆங்கில ஆய்வை வெளியிட்டது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய புலவர் செ. இராசு, கொங்குச் சமுதாயங்களிடமிருந்த செப்பேடுகளையும் ஓலைப் பட்டயங்களையும் ஊர் ஊராகத் தேடித் தொகுத்தார். தனி மனிதரின் உழைப்பும் பல்கலைக்கழகத்தின் ஆதரவும் இணைந்தால் என்ன நிகழும் என்பதற்கு இவையெல்லாம் நல்ல எடுத்துக்காட்டுகள்.

ஆயினும் இச்சான்றுகள் யாரைப் பற்றிப் பேசுகின்றன? அரசரைப் பற்றியும், நாட்டுத் தலைவரைப் பற்றியும், காணி உரிமையைப் பற்றியும், கோயில் முறைமையைப் பற்றியும் மிகுதியாகப் பேசுகின்றன. செப்பேடு எழுதுவிக்கச் செம்பும் வேண்டும்; நிலைநாட்ட ஓர் உரிமையும் வேண்டும். இரண்டும் இல்லாதவர் அதில் இடம்பெறுவது அரிது. இடம்பெற்றாலும் பணி செய்யக் கடமைப்பட்டோராகவே இடம்பெறுவர்.

எழுத்துக்குப் புறம்பான நினைவும் உண்டு. காங்கயம் வட்டாரத்தில் 1965இல் கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக், அண்ணன்மார் கதையை ஊர்ப் பாடகர் வாயிலாக ஒலிப்பதிவு செய்தார். அது 1992இல் சென்னை ஆசியவியல் நிறுவனத்தால் இரு மொழியில் வெளியிடப்பட்டது. பல இரவுகள் தொடர்ந்து பாடப்படும் கதை ஒன்று, பாடகரின் நாவே காப்பகமாக, தலைமுறைகளைக் கடந்து வந்திருக்கிறது. ஆனால் நாவில் வாழ்வது பாடுவோரும் கேட்போரும் உள்ளவரையே வாழும். சபையிலும் முதியோர் நாவில் இத்தகைய வரலாறுகள் இருந்தன. இன்னும் சில இருக்கின்றன.

4. சபைப் பதிவேட்டின் இடம்

இப்பின்னணியில் சபைப் பதிவேட்டின் அருமை புலனாகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் ஈரோட்டைச் சூழ்ந்த சிற்றூர்களில் ஒடுக்கப்பட்ட மக்கள் குடும்பம் குடும்பமாகச் சபையில் சேர்ந்தனர். செப்பேடும் ஓலையும் அவர்களுக்கு இருந்ததில்லை. நில வரிக் கணக்கில் இடம்பெற நிலமும் இருந்ததில்லை. அவர்களுள் பலருக்கு, தம் பெயரும் தந்தை பெயரும் தாய் பெயரும் ஊரும் ஒருங்கே எழுதப்பட்ட முதல் ஏடு ஞானஸ்நானப் பதிவேடாகவே இருந்திருக்கும். அதுவும் கூலியாகவோ கடனாளியாகவோ குற்றவாளியாகவோ எழுதப்படாமல், பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் பெற்ற பெயராக எழுதப்பட்டது. இதைக் காட்டிலும் உயர்ந்த செப்பேடு வேறு எது?

இதற்கு நேர்மாறாக, ஆங்கிலேய அதிகாரிகளின் குழந்தைகள் இம்மாகாணத்தில் ஞானஸ்நானம் பெற்றபோது, அப்பதிவின் படி லண்டனுக்கு அனுப்பப்பட்டது. இன்று பிரிட்டிஷ் நூலகத்திலுள்ள இந்திய அலுவலக ஆவணங்களில் அவற்றைக் காணலாம். தம் முன்னோர் கோவையிலோ நீலகிரியிலோ பிறந்தவர் என்று கேள்வியுற்ற ஆங்கிலேயக் குடும்பத்தினர் அங்கே தேடிப் பார்க்க வழியுண்டு. அக்காலத்தில் அவர்களுக்குத் தோட்டவேலை செய்த தமிழ்க் கிறிஸ்தவரின் பேரப்பிள்ளைகள் எங்கே போய்த் தேடுவர்? ஒரே ஒரு படிதான் எழுதப்பட்டது. அதுவும் ஆலயத்தின் பின்னறையில், காணிக்கைப் பெட்டிக்கும் உடைந்த ஆர்மோனியத்துக்கும் நடுவே கிடந்தது. கரையானும் இராமபாணப் பூச்சியும் மழை ஒழுக்கும் சாதி சமயம் பார்ப்பதில்லை.

1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி திருமணப் பதிவுகளின் படிகள் அரசுப் பதிவாளருக்குச் செல்கின்றன. ஞானஸ்நானத்துக்கும் சபைக் கூட்டக் குறிப்புக்கும் அத்தகைய பாதுகாப்பு இல்லை. 1993ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம் மத்திய அரசின் ஆவணங்களைப் பற்றியது. சபையின் பதிவேடுகளுக்கு அது பொருந்தாது. அவற்றைக் காக்கும் பொறுப்பு சேகரத்து ஆயரிடமும் திருமண்டலத்திடமுமே இருக்கிறது.

கோவைத் திருமண்டலத்தின் முதற் பேராயராக 1950 முதல் 1959 வரை பணியாற்றிய ஏ. ஜே. அப்பாசாமி, இந்தியக் கிறிஸ்தவ இறையியலுக்கு உரிய பிரமாணங்களை ஆராய்ந்தவர். சுருதி, யுக்தி, அநுபவம் ஆகிய மூன்றோடு சபையையும் ஒரு பிரமாணமாக அவர் கொண்டார். இதனை வகுப்பறையில் கற்பிக்கிறோம். தேர்வில் வினாவாகக் கேட்கிறோம். ஆனால் சபை ஒரு பிரமாணமாயின், அச்சபை கூடி என்ன தீர்மானித்தது, யாரை ஒழுங்கு நடவடிக்கைக்கு உட்படுத்தியது, எந்தச் சிக்கலில் எவ்வாறு மனம் மாறிற்று என்பதற்குச் சான்று எங்கே? கொங்குச் சிற்றூர்ச் சபைகளின் அநுபவம் பிரமாணமாயின், அது எந்த ஏட்டிலிருந்து எடுத்தாளப்படும்? பதிவேட்டை இழந்த சபை இப்பிரமாணத்தைப் பற்றிப் பேச வாயிழந்து நிற்கும். அப்போது இறையியலாளன் மறுபடியும் லண்டனிலுள்ள அறிக்கையையே நாட வேண்டியவனாவான்.

5. இருபுறமும் கருக்குள்ள பட்டயம்

பதிவேட்டைக் காக்க வேண்டும் என்று கூறுவது எளிது. அதனால் விளையும் இடரையும் மறைக்காமல் கூறுதல் நமது கடமை.

எஸ்றாவின் நூலிலேயே வேறொரு பதிவேடும் வருகிறது. திரும்பி வந்த ஆசாரியருள் சிலர் தங்கள் வம்ச அட்டவணையைத் தேடினர், அது அகப்படவில்லை. அதனால் அவர்கள் ஆசாரிய ஊழியத்தினின்று விலக்கப்பட்டனர் (எஸ்றா 2:61-62). ஆறாம் அதிகாரத்தில் ஆலயம் கட்ட உரிமை தந்த எழுத்து, இரண்டாம் அதிகாரத்தில் மக்களை விலக்கி வைக்கும் கருவியாயிற்று. ஆவணத்தைப் போற்றுவோர் இவ்விரண்டு அதிகாரங்களையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

நம் நாட்டிலும் இதே நிலை உண்டு. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணை, இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினராவர் என்று வரையறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் அதில் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர் இன்றளவும் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் கிறிஸ்தவராக மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலேயே வைக்கப்பட்டுள்ளனர். ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் அளித்த அறிக்கை பட்டியல் சாதித் தகுதியைச் சமயத்தோடு பிணைக்கலாகாது என்று பரிந்துரைத்தும் நிலைமை மாறவில்லை. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் புதுச்சேரியிலிருந்து வந்த ஒரு வழக்கில், தாம் இந்து என்று கூறிப் பட்டியல் சாதிச் சான்று கோரிய ஒருவரின் முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ளப்பட்ட சான்றுகளுள் ஞானஸ்நானப் பதிவும் ஒன்று.

தேவனுடைய குடும்பத்தில் ஒருவரைச் சேர்த்துக்கொண்டதற்கு அடையாளமான எழுத்து, அவருடைய பிள்ளையின் கல்விக்கும் வேலைக்கும் தடையாக நீதிமன்றத்தில் நீட்டப்படுகிறது. இந்நிலையில், பழைய பதிவேடுகளைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுங்கள், எல்லாருக்கும் திறந்துவிடுங்கள் என்று கேட்கும் அறிஞருக்கு ஓர் ஏழைக் குடும்பத்தின் தலைவன் அஞ்சினால், அவ்வச்சத்தை அறியாமை என்று இகழலாகாது. தன் பெயர் எங்கும் எழுதப்படாதிருந்த காலத்தில் அவன் முன்னோர் இழந்தது ஒன்று. எழுதப்பட்டபின் அவன் இழப்பது வேறொன்று. வரலாற்று ஆராய்ச்சியின் நலன் என்னும் பெயரால் இவ்விழப்பைக் கணக்கில் கொள்ளாத காப்பகம், எத்துணை நவீனமாயினும் நீதியுள்ளதாகாது.

அப்படியாயின் பதிவேடு அழிந்துபோகட்டும் என்று விட்டுவிடலாமா? அதுவும் ஆகாது. தனக்குப் பிடிக்காத சுருளை யோயாக்கீம் அரசன் துண்டு துண்டாக அறுத்து நெருப்பிலிட்டான். எரேமியா மறுபடியும் சொல்ல, பாருக்கு வேறு சுருளில் எழுதினான். முன்னிருந்தவற்றோடு இன்னும் பல வார்த்தைகளும் சேர்க்கப்பட்டன (எரேமியா 36:23, 32). அழிப்பது அரசர்க்கு எளிய வழி. மறுபடி எழுதுவது தீர்க்கதரிசியின் வழி. சட்டம் அநீதியுள்ளதாயின், திருத்தப்பட வேண்டியது சட்டமே. அதற்காக வாதாடுவோருக்கும் சான்று வேண்டும். ஞானஸ்நானம் பெற்றபின்னும் சேரி தனியாகவே இருந்தது, கிணறு தனியாகவே இருந்தது, கல்லறைகூடத் தனியாகவே இருந்தது என்பதை மெய்ப்பிக்கக்கூடியவை சபையின் பழைய குறிப்புகளே. சமய மாற்றத்தால் சாதிக் கொடுமை நீங்கிவிட்டது என்னும் சட்டத்தின் ஊகத்தை அவற்றைக் கொண்டே மறுக்க இயலும். அக்குறிப்புகள் சபைக்குள் நிலவிய சாதி வேறுபாட்டையும் வெளிப்படுத்தும் என்பதை அறிவோம். அதற்கு அஞ்சி அவற்றை ஒளித்து வைப்பது மேலும் ஓர் அநீதியாகும்.

6. மண்பாண்டத்தில் வைத்தல்

இச்சிக்கலுக்கு எரேமியாவின் நூலிலேயே ஒரு வழி காணப்படுகிறது. பாபிலோனிய சேனை எருசலேமை முற்றுகையிட்டிருந்த நாளில் தீர்க்கதரிசி ஆனதோத்திலுள்ள ஒரு நிலத்தை வாங்குகிறார். கிரயப் பத்திரம் இரண்டு படிகளாக இருக்கிறது: ஒன்று முத்திரையிடப்பட்டது, மற்றொன்று திறந்தது. இரண்டையும் நெடுநாள் இருக்கும்படி ஒரு மண்பாண்டத்தில் வைக்குமாறு பாருக்குக்குக் கட்டளையிடுகிறார் (எரேமியா 32:9-14). நாடு வீழப்போகும் வேளையில் பத்திரத்தைப் பேணுவது வருங்காலத்தின்மேல் வைத்த விசுவாசத்தின் செயலாகும்.

முத்திரையிட்ட படியும் திறந்த படியும் என்னும் இம்முறையை நமது திருமண்டலங்கள் பின்பற்றலாம். மூலப் பதிவேடு பாதுகாப்பான ஓரிடத்தில் வைக்கப்படுக. அதன் நிழற்படப் படியோ கணினிப் படியோ வேறோரிடத்தில் இருக்கட்டும். வாழ்வோரையும் அவர்தம் பெற்றோரையும் குறித்த பதிவுகள் நெடுங்காலம் முத்திரையிடப்பட்டிருக்கட்டும். உரிய குடும்பத்தார் கேட்டால் மட்டும் திறக்கப்படுக. மிகப் பழைய பதிவுகளும் சபைக் கூட்டக் குறிப்புகளும் ஆராய்ச்சியாளருக்குத் திறந்திருக்கட்டும். எது எத்தனை ஆண்டு மூடியிருக்க வேண்டும் என்பதை அறிஞர் மட்டும் தீர்மானியாமல், அப்பெயர்களுக்கு உரிய சமுதாயத்தாரும் அமர்ந்து தீர்மானிப்பதே முறை.

பொருள் இருக்கும் நாட்டிலேயே அதனைக் காக்க இயலும் என்பதற்குத் தமிழ்நாட்டில் முன்மாதிரி உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தொகுத்த நூல்களை, அவர் 1992இல் காலமானபின், சிக்காகோ பல்கலைக்கழகம் பெற்றுக்கொண்டது. ஆயினும் அவை அமெரிக்காவுக்குக் கொண்டுபோகப்படவில்லை; 1994இல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிறுவப்பட்டன. சபை ஆவணங்களுக்கோ பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியின் காப்பகம் இருக்கிறது. நமது திருமண்டலங்கள் அத்தகைய இடங்களோடு ஒப்பந்தம் செய்துகொள்வது இயலாத காரியம் அன்று.

பெரிய திட்டங்கள் வரும்வரை ஆயர்கள் செய்யத்தக்க சிறிய காரியங்களும் உண்டு. பதிவேடுகளைத் தரையிலோ ஈரச் சுவரை ஒட்டியோ வைக்காதிருத்தல் வேண்டும். கிழிந்த தாளில் செலோடேப் ஒட்டுவதும் லேமினேஷன் செய்வதும் காலப்போக்கில் தாளைக் கெடுக்குமாதலால் அவற்றைத் தவிர்த்தல் நலம். ஓர் ஆயர் மாற்றலாகிச் செல்லும்போது, ஆலயத் திறவுகோலோடு பதிவேடுகளின் பட்டியலையும் கையொப்பமிட்டு ஒப்படைக்கும் வழக்கம் ஏற்படட்டும். இறையியல் மாணவர் விடுமுறையில் தத்தம் சேகரங்களில் உள்ள ஏடுகளின் பெயர், ஆண்டு, நிலை ஆகியவற்றைக் குறித்து வருவாராயின், சில ஆண்டுகளில் கொங்கு நாட்டுச் சபை ஆவணங்களின் முதல் அட்டவணை உருவாகிவிடும். டெய்லர் பிற சமயச் சுவடிகளுக்குச் செய்ததை நமது மாணவர் தம் சபைகளுக்குச் செய்யலாகாதா? முதியோரின் நினைவுகளையும் அவர்கள் வாய்மொழியாகவே ஒலிப்பதிவு செய்வாராக. வேதாகமப் பெண்மணிகளின் பெயர்கள் அங்கேதான் இனிக் கிடைக்கும்.

பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் இறுதி அதிகாரத்தை ஆராதனையில் வாசிப்பவர் குறைவு. பெயர்களின் பட்டியலாயிற்றே என்று கடந்துசெல்கின்றனர். ஆனால் அங்கே பெபேயாளும் பிரிஸ்கில்லாளும் மரியாளும் தத்தம் பெயராலேயே வாழ்த்தப்படுகின்றனர். நிருபத்தை எழுதிய தெர்தியுவும் தன் பெயரைச் சேர்த்துக்கொள்கிறான். அப்போஸ்தலன் தன் உடன் ஊழியரை எண்ணாக எழுதவில்லை. லண்டனிலுள்ள காப்பகம் மிஷனெரியின் சாட்சியத்தைக் காத்துவைத்திருக்கிறது. அதற்காக நன்றி கூறுவோம். உடன் ஊழியரின் பெயர்களோ இங்கே, கொங்கு நாட்டு ஆலயங்களின் அலமாரிகளில், இன்னும் எஞ்சியிருக்கும் தாள்களில் இருக்கின்றன. அவற்றை அக்மேதாவில் எவரும் காத்துத் தரப்போவதில்லை. மண்பாண்டத்தைத் தேட வேண்டியவர்கள் நாமே.